ஜன்னல் வழியே இறங்கிய குழந்தைகள்

"வேற ஏதாச்சும் சொல்லணுமாம்மா?" என்று அவர் தொலைபேசியில் கேட்டபோது நான் ஏன் "இல்லீங்க சார்" என்றேன்? இரண்டு வருடமாகிறது. இன்னும் பதில் தெரியவில்லை. சில நாள் தெரிந்துவிட்டது போலிருக்கும். மறுநாள் யோசித்தால் அது என்னைக் காப்பாற்றிக்கொள்ள நானே தயாரித்த பதில் என்று தோன்றும்.

புதிதாக நம் பிரிவில் சேர்ந்திருக்கும் உங்களுக்காகப் பணி அனுபவம் எதையாவது எழுதித் தரச் சொன்னார்கள். வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள்தான் இப்படி எழுதுவார்கள். எனக்கு முப்பத்தொரு வயது. மூன்று வயதில் ஒரு மகள். உங்களுக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு வந்துவிட்டதா என்று தெரியாது. தப்பு செய்த அனுபவம் இருக்கிறது, அதை எழுதுகிறேன்.

நம் வேலை வெளியிலிருந்து பார்க்க எளிது. மாவட்டத்தில் வேலை எங்கெங்கே இருக்கிறது, அதற்கு ஆட்கள் எங்கிருந்து எப்படி வருகிறார்கள் என்று எழுதுகிறோம். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள், அடிவாரத்தில் கோழிப்பண்ணைகள், மரவள்ளிக் கிழங்கை அரைத்துச் சவ்வரிசி ஆக்கும் ஆலைகள். மலையில் விளையும் கிழங்கு லாரியில் கீழே இறங்குகிறது. அதே மலைப் பெண்கள் பேருந்தில் அதன் பின்னாலேயே இறங்கி ஆலைக் களத்தில் அதைக் காயப்போடுகிறார்கள். எந்தப் பேருந்து எந்த வழியில் போக வேண்டும் என்று முடிவு செய்வது ஒரு குழு. நாம் முடிவு செய்வதில்லை. ஆனால் அந்தக் குழுவில் இருக்கிற யாரும் காலை ஆறரை மணிக்குப் பேருந்தில் உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை. நாம் எழுதியதைத்தான் பார்ப்பார்கள். நாம் சைபர் என்றால் அவர்களுக்கும் அது சைபர்.

கொல்லிமலையில் எனக்குக் கொடுத்தது ஒரு காலைப் பேருந்து. வாசலூர்பட்டியைத் தாண்டிப் புறப்பட்டு, திருப்புலி நாட்டுக்குள் (மலையில் ஊர்த் தொகுதியை நாடு என்பார்கள்) ஒரு சுற்றுச் சுற்றி, சோளக்காடு வந்து, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி அடிவாரம் சேரும். அந்தச் சுற்றுக்கு மட்டும் இருபத்தைந்து நிமிடம் கூடுதல். இரண்டு நாள் அதில் போய், ஒவ்வொரு நிறுத்தத்திலும் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எழுத வேண்டும். இடையில் பயணிகளிடம் பேசிப் படிவம் நிரப்ப வேண்டும்.

பூங்கொடியை அங்கேதான் பார்த்தேன். இருபத்தாறு வயதிருக்கும். மடியில் இரண்டு வயதுப் பையன். ஜன்னலோர இடம் கேட்டு வாங்கி உட்கார்ந்தாள். கணவன் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் வண்டியில் வெளிமாநிலம் போனால் மூன்று மாதம் கழித்துத்தான் வருவான். மாமியாருக்குக் கண் தெரியாது. இவள் அடிவாரத்துச் சவ்வரிசி ஆலையில் களத்து வேலை பார்த்தாள்.

"ஊடு வாசலூர்பட்டிக்கு அந்தாண்ட. வேலை கீழ சேகோவுல. அவ்வளவுதானுங்க, எழுதிக்கோங்க மேடம்," என்றாள். நான் எழுதிக்கொண்டேன்.

திருப்புலி நாட்டுக்குள் ஒரு சின்ன ஊரில் பேருந்து நின்றது. அதற்கு முந்தைய வளைவிலிருந்தே ஓட்டுநர் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தார். சாலையோரம் ஐந்தாறு பெண்கள் நின்றிருந்தார்கள். யாரும் ஏறவில்லை. யாரும் இறங்கவில்லை. பேருந்தின் இடது பக்க ஜன்னல்கள் எல்லாவற்றிலிருந்தும் குழந்தைகள் வெளியே போனார்கள். உள்ளே இருந்த தாய்மார்கள் அக்குளில் பிடித்து நீட்ட, வெளியே நின்றவர்கள் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். படிவழியாக இறங்கி ஏற நேரமில்லை. ஆலையின் கதவை எட்டு மணிக்குச் சாத்திவிடுவார்கள்.

"என்ன பூங்கொடி, புள்ளைக்கு டிக்கெட்டு வாங்காமயே எறக்கி உடறே?" என்றார் நடத்துநர்.

"அரை டிக்கெட்டுக்கே அவனுக்கு வயசு வரலீங்கண்ணா. கால் டிக்கெட்டு இருந்தா கிழிங்க, வாங்கிக்கறேன்."

பேருந்து முழுக்கச் சிரித்தது. வெளியே நின்ற பெண், பூங்கொடியின் அக்கா, பையனை வாங்கிக்கொண்டு, "செருப்பு எங்கடி? ஒத்தக் காலுல இருக்குது" என்று கத்தினாள். இருக்கைக்கடியில் கிடந்த குட்டிச் செருப்பு கைமாறி ஜன்னல் வழியே பறந்தது. பேருந்து நகர்ந்துவிட்டது.

எல்லாம் சேர்ந்து ஒரு நிமிடம்கூட இராது. எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது. அன்று மாலை என் கணவரிடம்கூட அதைச் சொல்லிச் சிரித்தேன். ஆனால் தாளில் என்ன எழுதினேன்? நம் விதி உங்களுக்குத் தெரியும். படியில் ஏறியவர், படியில் இறங்கியவர். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் பயணிகள் கணக்கில் இல்லை. ஏறியவர் சைபர், இறங்கியவர் சைபர் என்று எழுதினேன். மறுநாளும் அதே. விதிப்படி ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

தாள்களைக் கொடுத்த இரண்டாம் நாள் மத்தியானம் எங்கள் மேலதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார். எனக்கு இந்த வேலையைக் கற்றுத் தந்தவர் அவர்தான். பெயர் சொன்னால் சங்கடப்படுவார். அவர் யாரையும் விரட்டி வேலை வாங்கியதில்லை. சந்தேகமான இடத்தில் ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்பார். அதுதான் அவருடைய கண்டிப்பு.

"ஏம்மா, திருப்புலி நாட்டு ஸ்டாப்புல ரெண்டு நாளும் சைபரா?"

"ஆமாங்க சார்."

"அத்தன தூரம் உள்ள போயிச் சுத்தற பஸ்ஸு. ஒரு ஆளு ஏறலியா?"

"ஏறலீங்க."

"எறங்கவும் இல்லியா?"

"இல்லீங்க சார்."

தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். வேற ஏதாச்சும் சொல்லணுமாம்மா?

எனக்குக் குழந்தைகள் ஞாபகம் வந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, வாய்வரை வந்தது. மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அந்த நான்கு மாதமும் ஒரே ஒரு விஷயத்தில் கவனமாக இருந்தேன். இவள் எதை எடுத்தாலும் குழந்தையைப் பற்றியே பேசுகிறாள் என்று அலுவலகத்தில் யாரும் சொல்லிவிடக் கூடாது. தடுப்பூசிக்கு அரை நாள் வேண்டுமென்றால்கூட வங்கி வேலை என்று சொல்லித்தான் கேட்டேன். இப்போது கணக்கெடுப்புக்குப் போய் வந்து, சார், ஜன்னலில் குழந்தைகள் என்று ஆரம்பித்தால்? அதே நேரம் கைப்பேசியில் என் அம்மாவின் அழைப்பு வேறு வந்து வந்து நின்றது. காலையில் மகளுக்கு உடம்பு லேசாகச் சுட்டதை நான் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

இந்த இரண்டில் எது காரணம்? வெட்கமா, அவசரமா? அல்லது விதிப்படி சரியாகத்தானே இருக்கிறது என்ற திமிரா? தெரியவில்லை. "இல்லீங்க சார்" என்றேன். "செரிம்மா" என்று வைத்துவிட்டார்.

ஒன்றை மட்டும் உங்களுக்கு உறுதியாகச் சொல்வேன். மேலே இருப்பவர் அப்படிக் கேட்கும்போது தாளில் இருப்பதை அவர் கேட்கவில்லை. தாளில் எழுத இடமில்லாததைக் கேட்கிறார். அதை எனக்குச் சொல்லித் தந்தவரே அவர்தான்.

அடுத்த சில மாதங்களில் வரைபடம் வந்தது. வாசலூர்பட்டியிலிருந்து சோளக்காடு வழியாக அடிவாரத்துக்குத் தடிமனாக ஒரு கோடு. திருப்புலி நாட்டுப் பக்கம் ஒன்றுமில்லை. அங்கிருந்து அந்தப் பேருந்தில் வேலைக்குப் போகிறவர் யாருமில்லை என்றால் பேருந்து எதற்கு உள்ளே போக வேண்டும்? குழு அதைப் பேசி முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் ஆனது; பிறகு சுற்றை எடுத்துவிட்டார்கள். அந்த ஊருக்குப் பத்து மணிக்கு வேறொரு வண்டி விட்டார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இருபத்தைந்து நிமிடம் மிச்சம். கூட்டத்தில் பாராட்டினார்கள். நான் எடுத்த கணக்கு என்று என் பெயரையும் சொன்னார்கள். அன்று வீட்டுக்கு இனிப்பு வாங்கிப் போனேன்.

சுற்றை எடுத்து இரண்டு மாதம் கழித்து, பேருந்து எப்படிப் போகிறது என்று பார்த்துவர என்னையே அனுப்பினார்கள். அதே காலைப் பேருந்தில் ஏறினேன். நல்ல கூட்டம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண், ஐம்பது வயதிருக்கும், அதே ஆலைக்குப் போகிறவர். "முன்னெல்லாம் வாரத்துல ரெண்டு நாளு கேட்டைச் சாத்திப்புடுவாங்க கண்ணு. வெயில்ல வெளியவே உக்காந்திருந்துட்டு மத்தியானத்துக்கு மேல உள்ள போவோம். இப்ப ஒரு நாளு தவறறதில்லை. இந்த நேர் பஸ்ஸை உட்ட மகராசன் நல்லா இருக்கோணும்," என்றார். நான் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷமும் பொய் இல்லை. அதனால்தான் இது எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

பூங்கொடி பேருந்தில் இல்லை. வேறு சில முகங்களும் இல்லை. இந்த வருடக் கிழங்கு சீசன் நடந்துகொண்டிருந்த நேரம். திரும்பி வரும்போது சோளக்காட்டில் இறங்கினேன். சாலையோரக் கடைகளில் ஒன்றில், அன்னாசிக் குவியலுக்குப் பின்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பழப்பெட்டிக்குள் பையன் நின்றுகொண்டு ஒரு மலைவாழைப் பழத்தை முகமெல்லாம் அப்பியிருந்தான்.

"ஏனுங்க மேடம்! பஸ்ஸுல வந்து எழுதிக்கிட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்கு பூங்கொடி. ஆலைக்குப் போகலையா?"

"உட்டுட்டேனுங்க."

"ஏன்? இப்பத்தான் நேர் பஸ் விட்டிருக்காங்களே?"

அவள் என்னை வேடிக்கையாகப் பார்த்தாள். "நேராப் போயிருதுங்களே மேடம். புள்ளைய எங்கீங்க உடறது?"

அவளே தொடர்ந்தாள். அங்கன்வாடி பத்து மணிக்குத் திறக்கும், அவள் ஆறரைக்குப் புறப்பட வேண்டும். முந்தின நாள் சாயங்காலமே அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து பார்த்தாள். பையன் இரவெல்லாம் அழுதான். ஒரு நாள் அவனையும் ஆலைக்கே தூக்கிக்கொண்டு போனாள். காய்ச்சும் அடுப்பெல்லாம் இருக்கிற இடம், புள்ளையோடு வராதே என்று மேஸ்திரி திருப்பி அனுப்பிவிட்டார். "அதும் நாயந்தானுங்க. எதாச்சும் ஒண்ணு ஆயிப்போச்சுன்னா அவுருதானே பதில் சொல்லோணும்?"

பக்கத்துக் கடையில் மிளகு விற்றுக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "மேடம் பழம் வாங்க வந்தாங்களா, உன்ற கதை கேக்க வந்தாங்களா?"

"கதை கேக்கத்தான் வந்தாங்க. பழமெல்லாம் உங்கள மாதிரி ஆளுங்க தலைல கட்டறதுக்கு வெச்சிருக்கேன்," என்று அவர் வாயை அடைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "மேஸ்திரி இந்த சீசன் முடியற வரைக்கும் எடம் வெச்சிருக்கறேன்னாருங்க. அதுக்குள்ள வந்தா உண்டு. இல்லீனா அடுத்த வருசம் புது ஆளு. ஆறு வருசமா அந்தக் களத்துல நான் நிக்கறேன் மேடம். காயற பதம் பாக்கறதுக்கு என்னையத்தான் கூப்புடுவாங்க. இங்க என்ன, யாரோட கடையோ, நான் ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அப்புறம் சொன்னாள், "யாரோ ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு ஸ்கேல வெச்சுக் கோடு போட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்க. ஒருக்கா பஸ்ஸுல வந்து பாத்திருந்தா இப்படி எழுதியிருப்பாங்களா?"

நான் பஸ்ஸில் வந்து பார்த்திருந்தேன். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்திருந்தேன். அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பையன் பழத்தை என் பக்கம் நீட்டினான். நான் குனிந்து அவன் வாயைத் துடைத்துவிட்டேன்.

"நீங்க ஒரு மனு எழுதிக் குடுங்க மேடம். நான் பத்தாவது வரைக்கும் படிச்சவதான். ஆனா ஆபீஸு தமிழு எனக்கு வராதுங்க."

என் எழுதும் அட்டையை வைத்து, அன்னாசிப் பெட்டியின் மேலேயே எழுதினேன். காலைப் பேருந்து பழையபடி திருப்புலி நாடு சுற்றி வர வேண்டும், வேலைக்குப் போகும் தாய்மார்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது, என்று தெளிவாக, மரியாதையாக எழுதினேன். கணக்கெடுப்பில் இது விடுபட்டுவிட்டது என்று ஒரு வரி எழுதினேன். யாரால் விடுபட்டது என்று எழுதவில்லை. அவள் இரண்டு முறை படித்துவிட்டு, "நல்லா இருக்குதுங்க. இத யாருங்க படிப்பாங்க?" என்று கேட்டாள்.

"ஆபீஸ்ல படிப்பாங்க," என்றேன்.

வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் இரண்டு அன்னாசியைப் பையில் திணித்து அனுப்பினாள். "எங்ககிட்ட வந்து கேட்டது நீங்க ஒருத்தருதானுங்க மேடம்."

மறுநாள் அலுவலகத்தில் என்னையும் அறியாமல் ஒரு கோப்பை எடுத்துப் பார்த்தேன். உங்கள் எல்லோரிடமும் அது இருக்கிறது. பயிற்சிக் கோப்பில், எப்படி நிரப்ப வேண்டும் என்று காட்டுவதற்காக வைத்திருக்கும் மாதிரிப் படிவம். பெயரை மட்டும் மறைத்திருப்பார்கள். வீடு சேந்தமங்கலம், வேலை நாமக்கல், இருசக்கர வாகனம், இருபத்தைந்து நிமிடம். கையெழுத்து அழகாக இருக்கிறதென்று தேர்ந்தெடுத்தார்கள். அது நான் நிரப்பியது. விடுப்பு முடிந்து வந்த முதல் வாரம்.

அந்த வாரமும் அதற்குப் பிறகும் என் காலை எப்படிப் போகிறது தெரியுமா? வண்டியை நாமக்கல்லுக்கு எதிர்ப்பக்கம் திருப்பி, மலை அடிவாரத்தை நோக்கி என் அம்மா வீட்டுக்குப் போகிறேன். மகளை விடுகிறேன். கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்பாள். அவள் கையைப் பிரித்துவிட்டு, வந்த வழியிலேயே திரும்பி, என் வீட்டு வாசலைத் தாண்டி, பிறகு நாமக்கல் போகிறேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. இருபத்தைந்து நிமிடம் என்று எழுதும்போது எனக்கு அது பொய்யென்றே தோன்றவில்லை. மற்றதெல்லாம் என் சொந்த வேலை, அலுவலகத்துக்கு அதில் சம்பந்தமில்லை என்று நினைத்திருக்கிறேன். என் காலையையே எழுதத் தெரியாதவளைப் பூங்கொடியின் காலையை எழுத அனுப்பியிருக்கிறார்கள்.

மேலதிகாரி போன வருடம் ஓய்வு பெற்றுவிட்டார். போன வாரம் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. நெடுநேரம் கேட்டுவிட்டு, "நான் இன்னொருக்கா கேட்டிருக்கோணும்மா. எனக்கும் அது இடிச்சுது. நாளைக்குக் கேக்கலாம்னு உட்டுட்டேன்," என்றார். என் தப்பில் பாதியை அவர் எடுத்துக்கொண்டது எனக்கு ஆறுதலாக இல்லை. அவருக்கு எழுபத்தைந்து பக்க அறிக்கை, எனக்கு ஒரே ஒரு நிறுத்தம். பார்த்தது நான்.

அந்த மனு இப்போது என் மேசையில் இருக்கிறது. பூங்கொடியும் அவளோடு ஆறு பெண்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது, குழுவுக்குப் போய், குறிப்புரைக்காக நம் அலுவலகத்துக்கு வந்து, கணக்கை எடுத்தவரே பதில் எழுதட்டும் என்று என்னிடம் வந்துவிட்டது. மனுவை எழுதியிருப்பதும் நான்தான் என்று இங்கே யாரும் கவனிக்கவில்லை.

என்ன எழுதலாம் என்று மூன்று தாள் கிழித்துவிட்டேன். விதிப்படி எடுத்த கணக்கில் பிழையில்லை என்று எழுதினால் அது உண்மை. மனு அத்தோடு முடிந்துவிடும். நான் பார்த்தேன், சொல்லவில்லை என்று எழுதினால் அதுவும் உண்மை. ஆனால் ஒரு சைபர் தப்பென்றால் மற்ற எண்களையும் சந்தேகப்படுவார்கள்; அந்த எண்களை வைத்து வேறு ஊர்களுக்குக் கிடைத்த பேருந்துகளும் கேள்விக்கு வரும். பழைய சுற்று திரும்ப வந்தால் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா மறுபடி மூடிய கதவுக்கு வெளியே வெயிலில் உட்காருவார். பேருந்தை அரைமணி முன்னால் எடுக்கலாம் என்று எழுதலாம். அப்படியானால் தூங்குகிற குழந்தைகளை ஆறு மணிக்கு ஜன்னல் வழியாக நீட்ட வேண்டும். நம் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதமும் இதுதான். அதை நினைக்கவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம்.

உங்களில் சிலர் என்னைவிட எட்டு வயது சின்னவர்கள். இந்த விதிகள் இன்னும் உங்களுக்குப் பழகிப்போகவில்லை, அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன். குறிப்புரையின் முதல் வரியை நீங்கள் எப்படித் தொடங்குவீர்கள்? அதை எழுதுவதற்கு முன்பு சோளக்காடு போய், அந்தக் கோட்டைப் போட்டது நான்தான் என்று பூங்கொடியிடம் சொல்ல வேண்டுமா? அல்லது அவளுக்கு வேண்டியது பேருந்துதான், என் மன்னிப்பு அவளுக்கு இன்னொரு சுமை என்று விட்டுவிட வேண்டுமா? ஆலையில் அவள் இடம் இன்னும் மூன்று வாரம்தான் காத்திருக்கும். நான் குறிப்புரை தர வேண்டியது வெள்ளிக்கிழமை. வியாழன் மாலைக்குள் நேரிலோ எழுதியோ சொல்லுங்கள். குழந்தையைக் கூப்பிடப் போக வேண்டும் என்பதால் ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவேன். அதற்கு முன்னால் வாருங்கள்.